உட்காராமல் அளந்த நாற்காலி

பட்டறையில் நான் தடை செய்த முதல் சொல் ‘நன்றாக’. அடுத்தது ‘தேவையான அளவு’. ‘நன்றாக இழைக்கவும்’ என்று எழுதினால் ஒவ்வோர் ஆசாரியும் தனக்கு எது நன்றாகப் படுகிறதோ அதுவரை இழைப்பார். அதனால் இப்படி எழுதினேன்: ‘இழைத்த பக்கத்தின் மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கவும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி இழைக்கவும்.’ ஒரு வரிக்கு ஒரு வேலை. வேலை முடிந்ததா என்று பார்க்க அதற்கென்று ஒரு சோதனை. எழுத்துத் தெரிந்த ஒருவர் தெரியாதவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும். அதன்பிறகு யாரும் என்னிடம் வந்து சந்தேகம் கேட்கக்கூடாது. கேட்டால் என் எழுத்து தோற்றது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் குன்றக்குடிப் பக்கம் கொஞ்சம் நிலம். ஊருக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். நான் வாசிக்கும்போது பெரிய ஆட்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, காரைக்குடியில் டைப் படித்து, அங்கேயே மரச்சாமான் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பெருமையை நான் என்றும் ஒளித்து வைத்ததில்லை.

பட்டறை முதலாளி ராவுத்தர். இளம் வயதில் பினாங்கில் ஒரு பெரிய கடையில் இருந்தவர். அங்கே மேஜை நாற்காலிகளைக் காகிதத்தைப் பார்த்துச் செய்வதைக் கண்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் அது கிடையாது. வேண்டும் என்கிறவர் ஒரு மாதிரியைக் கொண்டுவந்து வைத்து, ‘இதே மாதிரி’ என்பார். ஆசாரிகள் அதைச் சுற்றிவந்து பார்ப்பார்கள், தட்டுவார்கள், பிறகு ஆளுக்கொரு விதமாகச் செய்வார்கள். அப்படிச் செய்த பள்ளிக்கூட பெஞ்சுகள் மொத்தமும் திரும்பி வந்தன. ஒன்றில் பிள்ளைகளின் கால் தரைக்கு எட்டவில்லை, ஒன்றில் முழங்கால் நெஞ்சில் இடித்தது. அந்த அடியில்தான் முதலாளி என்னை எடுத்தார்.

“சோதனைக்குத்தான் தாயி எடுத்திருக்கேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். “அடுத்து வார பெரிய ஆர்டர் உன் காகிதத்த வச்சு ஒழுங்கா முடிஞ்சா, இன்ஷா அல்லா, நீ இங்கதான். முடியலன்னா எம்மேல வருத்தப்படக் கூடாது.”

வீட்டிலும் அதே பேச்சுதான். திருப்பத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமன் மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். “வேல நெலச்சா நானே வேணாம்னு சொல்லிப்புடுறேன். நெலைக்கலன்னா தையில பரிசம்” என்றார் அப்பா. மாமன் மகன் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் கடையில் புளி மடிக்கும் காகிதத்தை வாசித்துக்கொண்டு என் காலம் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்தப் பெரிய ஆர்டர் ஒரு வாடகைக் காரின் மேல் வந்தது. கூரையில் எதையோ படுக்கவைத்து, வெள்ளை வேட்டியால் போர்த்தி, கயிற்றால் கட்டியிருந்தார்கள். கார் உள்ளே வந்ததும் ஆசாரிகள் கையில் இருந்ததை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். வேட்டியை விலக்கிய பிறகுதான் அது நாற்காலி என்று தெரிந்தது. பர்மாத் தேக்கு, அகலமான கைகள், பிரம்பு பின்னிய இருக்கை.

கொண்டுவந்தவர் கோட்டையூர்ச் செட்டியார் வீட்டு மகன். பினாங்கில் நெடுங்காலம் இருந்துவிட்டு, தகப்பனார் காலமான பிறகு ஊர் திரும்பியிருந்தார். பஸ் நிலையத்துப் பக்கம் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க அப்பச்சி உக்காந்த நாற்காலி இது. லாட்ஜ் ஹாலுக்கு இதே மாதிரி ரெண்டு டஜன் வேணும்” என்றார். அப்பாவை அவர்கள் வீட்டில் அப்பச்சி என்பார்கள்.

நான் அதற்குள் நாற்காலியைச் சுற்றி வந்துவிட்டிருந்தேன். “இடது கையில ஒரு பள்ளம் இருக்கு. இடது பின்னங்கால் கொஞ்சம் குட்டை. முன்னாடி காலுக்குக் கால் போற குறுக்குச் சட்டத்துல வலது பக்கம் ஒரு தேய்வு இருக்கு. அதையெல்லாம் அப்படியே எழுதவா?”

அவர் என்னைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்துப் பதில் சொன்னார். “அப்பச்சி எதையும் காரணமில்லாமச் செஞ்சு வாங்க மாட்டாக. அப்படியே வேணும். ஒரு நூல் மாறக்கூடாது. இன்னொண்ணு, இதுல யாரும் உக்காந்துறாதீக. அவுக இருக்கையிலயே நாங்க யாரும் உக்காந்ததில்ல.”

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஆசாரிகளுக்கு ஒரு நூல். அந்தக் கணக்கிலேயே நானும் அளந்தேன். உட்காரக்கூடாது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் உட்கார்ந்த நாற்காலியில் அவர் போன பிறகு போய் உட்கார எங்கள் பக்கத்தில் யாருக்கும் உடம்பு கூசும். நான் படித்தவள்தான். எனக்கும் கூசியது.

பின்னறையில் வைத்து அதை அளந்தேன். வலது கை தட்டையாக இருந்தது. இடது கையில் முழங்கை படும் இடத்தில் மூன்று நூல் ஆழத்துக்கு ஒரு பள்ளம். உளி பட்ட தடம் எதுவும் இல்லாமல், கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தது. வெற்றிலைச் செல்லம் வைப்பதற்காகக் கடைந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளத்துக்கு விளிம்பு இல்லாததால் அளப்பது கஷ்டமாக இருந்தது. அதற்குள் அரிசியைக் கொட்டி, மேலே சட்டத்தை ஓட்டித் தட்டையாக்கி, அந்த அரிசியை ஒரு தகர மூடியில் அளந்து, வடிவத்தை அட்டையில் வெட்டி எடுத்தேன். இன்றைக்கும் சொல்வேன், அதைவிடச் சரியாக அந்தப் பள்ளத்தை யாரும் எழுதியிருக்க முடியாது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் போகும்போது நாற்காலியைச் சுவரைப் பார்த்து வைத்துவிட்டுப் போவேன். காலையில் வந்தால் அது லேசாக இடது பக்கம், கதவை நோக்கித் திரும்பியிருக்கும். ஒரு கால் குட்டை, தரை மண்தரை, வெளியே லாரி போனால் பட்டறையே அதிரும். அதனால் திரும்புகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விட வேண்டும். போகவில்லை.

அளந்து முடித்ததும் நாற்காலியைச் சாக்குப் போட்டு மூடி, அறையைப் பூட்டச் சொன்னேன். கண்ணால் பார்த்துச் செய்தால் மறுபடி ஆளுக்கொரு விதம் ஆகிவிடும். காகிதத்தை வைத்து மட்டுமே செய்ய வேண்டும். ஒருவர் கால்கள், ஒருவர் கைகள், ஒருவர் முதுகு, ஒருவர் சட்டங்கள். அவரவர் பக்கம் அவரவர் கையில்.

“டீச்சரம்மா, தும்மல் வந்தா என்ன செய்யணும்னு எழுதலயா?” என்று கேட்டார் கால் செய்கிற ஆசாரி. பட்டறையில் எனக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான்.

“எழுதியிருக்கேன். கடைசிப் பக்கம் பாருங்க. வார்னிஷ் காயுறதுக்கு முன்னாடி பக்கத்துல நின்னு தும்மக்கூடாது.”

அவர் காகிதத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். உண்மையிலேயே இருந்தது. “அடி ஆத்தாடி” என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க ஒவ்வொரு தும்மலுக்கும் வெளியே ஓடிப்போய் வந்து எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

ஆனால் என்னிடம் வந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. நாற்காலிக் கைகள் செய்தவர் தாம் செய்த இடது கைகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார். அட்டையை எந்தக் கையின் பள்ளத்தில் வைத்தாலும் மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தியது. நான் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். தேவையே இல்லை, சந்தோஷத்துக்காகத்தான் பார்த்தேன்.

பாகங்களைப் பூட்டி, வார்னிஷ் அடித்து, காயவைத்து, சுவரோரம் வரிசையாக நிறுத்தினோம். தட்டினால் சில லேசாக ஆடின. பட்டறைத் தரையில் எதுதான் ஆடவில்லை என்று விட்டுவிட்டோம். அன்று மத்தியானம் நான் பக்கத்துத் தெருக் குழாயில் கை கழுவிவிட்டு வந்தேன். நல்ல உச்சிவெயில். சாப்பாட்டு நேரத்தில் பட்டறைச் சத்தம் தெருமுனைவரை கேட்கும். அன்று ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் எங்கோ போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வாசலில் கால் வைத்தேன்.

யாரும் போகவில்லை. புது நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். இவை யாருடைய நாற்காலியும் இல்லை, எங்கள் கையால் செய்தவை, அதனால் உட்காரக் கூச்சம் இல்லை. தூக்குச்சட்டிகள் காலடியில் திறக்காமல் இருந்தன. எல்லாரும் இடது முழங்கையைப் பள்ளத்தில் ஊன்றி, மோவாயை இடது கையில் தாங்கி, வலது குதிகாலைக் குறுக்குச் சட்டத்தின் தேய்வில் வைத்து, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். தும்மிக் காட்டிய ஆசாரியும் அப்படித்தான் இருந்தார். அத்தனை முகங்களும் இடது பக்கம் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாசலில் நான் நின்றேன். என்னைப் பார்த்ததும் எல்லார் முகமும் ஒரே மாதிரி வாடியது. எதிர்பார்த்த ஆள் நான் இல்லை.

“என்ன, சாப்பிடலயா? யாரப் பாத்துக்கிட்டு இருக்கீக?”

தும்மல் ஆசாரி கண்ணைக் கசக்கினார். “யாரையும் இல்ல தாயி. யாரோ வார மாதிரி இருந்துச்சு.” பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, “ஒனக்கும் இருந்துச்சாடா?” என்று கேட்டார். அவர் எழுந்து, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அன்று டீச்சரம்மா என்று யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை செட்டியார் வீட்டு மகன் சரக்கைப் பார்க்க வந்தார். கூடவே தாயாரும் காரில் வந்திருந்தார். ஆச்சி இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மகன் விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார். மாதிரி நாற்காலியையும் வெளியே கொண்டுவரச் சொல்லி, புதியவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கையிலிருந்த டேப்பால் அளந்தார். முதலாளிக்கு வியர்த்தது. எனக்கு வியர்க்கவில்லை.

“பிரமாதம் ராவுத்தரே. அச்சு அசலா அப்படியே இருக்கு” என்றபடி நடுவில் இருந்த புது நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் நேராகத்தான் உட்கார்ந்தார். பேசிக்கொண்டே சாய்ந்தார். இடது முழங்கை பள்ளத்தில் இறங்கியது. குதிகால் தானாகப் போய்ச் சட்டத்தில் ஏறியது. பேச்சு மெல்ல நின்றது. மோவாயில் கை வைத்து வாசலைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் ஆச்சி வாசலுக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“எந்திரிய்யா” என்றார். சத்தமே இல்லாத குரல். “ஐயா, அதுலருந்து எந்திரிச்சுரு.”

“என்ன ஆத்தா?”

“அப்பச்சி மாதிரி உக்காராத. எந்திரி.”

மகன் சிரித்துக்கொண்டே எழுந்தார். தாயாரின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஆச்சி வரிசையின் ஒரு முனையிலிருந்து நடந்தார். ஒவ்வொரு நாற்காலியின் இடது கையையும் தொட்டார். பள்ளத்தில் விரல் படும்போது கையை எடுப்பார், அடுத்ததைத் தொடுவார். கடைசி நாற்காலியைத் தொட்டுவிட்டு, “எல்லாத்துலயும் இருக்காக” என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திருப்பத்தூர் மளிகைக் கடை தெரிந்தது.

“யாரு செஞ்சது இத?” என்று கேட்டார் ஆச்சி.

“செஞ்சது இவுக எல்லாரும். எழுதுனது நான்” என்று முன்னால் போய் நின்றேன். வேறு யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயந்தேன்.

“நீ எங்க வீட்டுக்கு வந்திருக்கியா?”

“இல்ல ஆச்சி.”

“அவுகளப் பாத்திருக்கியா?”

“இல்ல ஆச்சி. நாற்காலிய அளந்தேன். அதுல இருந்தத எழுதுனேன்.”

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பள்ளமெல்லாம் வாங்கும்போது கெடையாது. அவுக உக்காந்து உக்காந்து ஆனது.” மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார். “ஒனக்குத் தெரியாது. நீ எங்க இருந்த பாக்க?” பிறகு என் பக்கம் திரும்பினார். “இதுல ஒண்ணுகூட எங்களுக்கு வேணாம். ஆனா நீ இம்புட்டுத் துல்லியமா எழுதுறியே. அவுகள எடுத்துட்டு எழுத முடியுமா? வெறும் நாற்காலிய மட்டும்?”

“முடியும் ஆச்சி” என்றேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

“அப்ப வீட்டுக்கு வா. அது நிக்கிற எடத்துல வச்சு எழுது.”

கார் போனதும் முதலாளி ஒரு புது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை. “தாயி, இன்னொரு தடவ ரெண்டு டஜன் மரம் போட்டாச்சுன்னா நான் தலையில துண்டுதான். இந்தத் தடவ சரியா வரலன்னா நீயும் வீட்டப் பாத்துப் போகவேண்டியதுதான். புரியுதா?”

“புரியுது மொதலாளி.”

டவுன் பஸ் பிடித்துக் கோட்டையூர் போனேன். மாதிரி நாற்காலி எனக்கு முன்பே வந்து, முகப்புக் கூடத்தில் ஓர் ஓரமாக நின்றது. அது நின்ற பழைய இடத்தை ஆச்சி காட்டினார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நான்கு தடங்கள் மங்கலாகத் தெரிந்தன. அதில் மூன்று வெறும் நிற மாற்றம். நான்காவது, இடது முன்பக்கம், விரலால் தடவினால் குழி. நாற்காலியைத் தூக்கித் தடங்களின் மேல் வைத்தேன். எங்கள் பட்டறையில் ஒருநாளும் ஆடாமல் நிற்காத நாற்காலி அங்கே கல்தூண் போல நின்றது. பின்னங்கால் குட்டையான அளவுக்கு முன்னங்கால் குழிக்குள் இறங்கியிருந்தது. உலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. தரையும் அவருக்குத் தக்கபடி தேய்ந்திருந்தது.

அங்கிருந்து இடது பக்கம் திரும்பிப் பார்த்தால் நேரே தெருவாசல்.

வேலை எனக்குப் பிடிபட்டுவிட்டது. அவர் இடது பக்கமாகவே வாழ்ந்திருந்தார். வலது கை புதுசு போலவே இருந்தது. அந்த அளவையே இடது கைக்கும் போட்டேன். வலது பின்னங்கால் முழு உயரம். அதையே இடதுக்கும் எழுதினேன். குறுக்குச் சட்டத்தின் இடது பாதி தேயவில்லை. அதைப் பார்த்து வலது பாதியை நிரப்பினேன். ஒவ்வொன்றை எழுதும்போதும் ஆச்சி பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தார், யாரும் கேட்காமலே.

“தபால் வார நேரத்துக்கு வந்து உக்காருவாக. தபால்காரன் போனப்புறமும் எந்திரிக்க மாட்டாக. சாப்புட வாங்கன்னா, இந்தா வாரேம்பாக. இல கழுவுன தண்ணி காஞ்சுபோகும்.”

“எங்கருந்து வர வேண்டிய தபால் ஆச்சி?”

ஆச்சி உள்வாசல் பக்கம் பார்த்தார். உள்ளே மகன் யாரிடமோ லாட்ஜுக்கு டியூப்லைட் வாங்குவது பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். “பினாங்குலருந்துதான்” என்று மட்டும் சொன்னார். பிறகு, “எடுத்துட்டியா?” என்று கேட்டார்.

“எடுத்துட்டேன் ஆச்சி. ‘இடது கை வலது கை போலவே’ன்னு ஒரு வரி. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா” என்றார். கோபமாகவும் இல்லை, நிம்மதியாகவும் இல்லை. நான் அந்த வரியை இன்னொரு முறை வாசித்துக் காட்டினேன். அது சரியாகத்தான் இருந்தது.

அந்தக் காகிதத்தின்படி புது நாற்காலிகள் தயாராயின. ஆசாரிகள் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் சம்மணம் போட்டார், ஒருவர் காலை நீட்டினார், தும்மல் ஆசாரி நாற்காலிக் கையின் மேல் ஏறி உட்கார்ந்து முதலாளியிடம் திட்டு வாங்கினார். அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. ஆச்சி வந்து பார்த்து, தலையாட்டினார். முதலாளி அந்த வாரமே என்னை வேலையில் நிரந்தரமாக்கினார். அப்பா சொன்னபடி திருப்பத்தூருக்குச் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு காகிதத்திலும் முதல் வரி இதுதான்: ‘அளக்கும் முன் மாதிரியில் உட்கார்ந்து பார்க்கவும். உட்காரக்கூடாத மாதிரியை வாங்கக்கூடாது.’

முதலில் செய்த இரண்டு டஜனை எரிக்க முதலாளிக்கு மனம் வரவில்லை, யாருக்குத்தான் வரும். ஒன்றும் இரண்டுமாக விற்றார். வக்கீல் ஆபீசுக்கு, டைப் இன்ஸ்டிட்யூட்டுக்கு, ஊர் ஊராக. வாங்கிய யாரும் குறை சொல்லி வரவில்லை. உட்கார வசதியாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லி அனுப்பினார்.

போன ஐப்பசியில் அம்மாவுக்குக் கண் காட்டத் திருப்பத்தூர் போயிருந்தேன். டாக்டர் அம்மாவை உள்ளே கூப்பிட்டார். வெளியே காத்திருப்பவர்களுக்காகப் பெஞ்சுகளும் ஓரத்தில் ஒரு நாற்காலியும் கிடந்தன. கால் வலி. பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் சாய்ந்தபோது என் இடது முழங்கை கீழே இறங்கியது. மூன்று நூல். பார்க்காமலே தெரிந்தது. நான் எழுதிய மூன்று நூல். குதிகாலுக்குச் சட்டத்தில் இடம் தயாராக இருந்தது.

உடனே எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே தலையை இடது பக்கம் திருப்பினேன். அங்கே வாசல் இல்லை. வெள்ளையடித்த சுவர், அதில் ஒரு காலண்டர். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே வந்து என் தோளைத் தொட்டு, “வாடி போகலாம்” என்றாள்.

“இந்தா வாரேன்” என்றேன்.